பொழி அடைந்த வாரம்

பதினைந்து லிட்டர் இருக்கும். இருபது லிட்டர் கேன்தான், ஆனால் கழுத்துவரை நிறைந்திருக்கவில்லை. அவ்வளவையும் நான்தான் தண்ணீரில் ஊற்றினேன். நேற்று ராத்திரிவரை இது எனக்கும் ஷிஜிக்கும் மட்டுமே தெரியும். இப்போது மணி இரண்டு. தூக்கம் வரவில்லை. நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிப் பார்க்கிறேன். எங்கேயாவது பொய் கலக்கிறேனா என்று எனக்கே தெரிய வேண்டும்.

எங்கள் அப்பா சுயம்புலிங்கம் ராஜாக்கமங்கலத்தில் எஞ்சின் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். வள்ளத்தில் மாட்டும் எஞ்சின், தண்ணீர் மோட்டார், சமயத்தில் பைக்கும் வரும். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் கல்ஃபில் கப்பல் பழுதுபார்க்கிற யார்டில் இருந்தார். எஞ்சினிலிருந்து வடிக்கும் பழைய எண்ணெயைக் கரி ஓயில் என்போம். அதை யாரும் கொட்டுவதில்லை. தொழுவத்துக் கட்டைகளுக்கு அடித்தால் கறையான் வராது என்று கேட்டு வாங்கிப் போவார்கள். தென்னந்தோப்புக்காரர் தாணப்பன் மாமாவும் ஒரு கேன் சொல்லி வைத்திருந்தார்.

இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவும் அம்மாவும் கருங்கலில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். "தாணப்பன் வந்தா கேன எடுத்துக் குடு மக்கா" என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார். தாணப்பன் மாமா வரவில்லை. போன் செய்தால் மார்த்தாண்டத்தில் மகள் வீட்டில் இருக்கிறாராம், திரும்ப இருபது நாளாகுமாம்.

"தொழுவத்துல ஒரு மூலையில வச்சிரச் சொல்லு பிள்ளே, நான் வந்து அடிச்சிக்கிடுவேன்" என்றார்.

அப்பாவிடம் சொன்னால் மறுநாள் அவரே கொண்டுபோயிருப்பார். ஆனால் ஸ்கூட்டர் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பதினாறு வயது. சாவியைத் தொடக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். இதுதான் முதல் தப்பு. மற்ற எல்லாத் தப்பும் இதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவை.

ஷிஜியைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். அவள் என் வகுப்பு. வீடு தேங்காய்ப்பட்டணத்தில்; அவள் அப்பாவுக்கு அங்கே துறைமுகத்தில் ஃபைபர் வள்ளம். எங்கள் ஸ்கூலில் படிப்பதற்காக இங்கே அத்தை வீட்டில் தங்கியிருக்கிறாள். அன்றைக்கு மத்தியானம்தான் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள்.

தோப்புக்குப் போகும் வழியில் காயலைத் தாண்ட ஒரு சப்பாத்து இருக்கிறது. தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே போட்ட சின்னப் பாலம், கைப்பிடி கிடையாது. அதன் நடுவில் போகும்போது ஷிஜி கத்தினாள்.

"ஏட்டி அபி, எனக்க காலு நனையுகு. மழையா?"

"மழையா? வானத்தப் பாரு."

"பின்ன உனக்க ஸ்கூட்டரு மூத்திரம் பேயுகா?"

நிறுத்திப் பார்த்தால், கேனின் அடிமூலை வெயிலில் பொரிந்து கீறி, கரி ஓயில் கால்மிதியிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. என் செருப்பு, அவள் சுடிதார், டயர், எல்லாம் கறுப்பு. இந்தக் கோலத்தில் வீட்டுக்கும் போக முடியாது, தோப்புக்கும் கொண்டுபோக முடியாது. கீறலைக் கையால் பொத்தினேன், விரலிடுக்கில் வந்தது.

"தட்டிவிடு" என்றாள் ஷிஜி. "காயலு எங்க போவுகு? கடலுக்கு. கடல்ல எத்தன கப்பலு ஓடுகு. அதுக்கு இது ஒரு தும்மலு."

காயல் கடலில் சேரும் இடத்தைப் பொழி என்போம். அலை மணலைத் தள்ளி அதை அடைத்துவிடும். மழை பெய்து உள்ளே தண்ணீர் ஏறினால் ஊர்க்காரர்கள் வெட்டித் திறப்பார்கள். அதற்கு முந்தின வியாழக்கிழமைதான் ஜேசிபி வைத்து வெட்டினார்கள். ஸ்கூல் விட்டு வேடிக்கை பார்க்கப் போய் நானே பார்த்தேன். தண்ணீர் சேற்று நிறத்தில் சீறிக்கொண்டு கடலுக்குள் போனது. அந்தக் காட்சி கண்ணில் இருந்தது. கேனைச் சரித்தேன்.

எண்ணெய் தண்ணீரில் விழுந்ததும் உருண்டையாக நிற்கவில்லை. ஓடியது. ஒரு நிமிஷத்துக்குள் சப்பாத்தின் இரண்டு பக்கமும் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. ஓரம் மெலிந்து மெலிந்து நீலம், ஊதா, மஞ்சள். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பொய் கலக்கக் கூடாது இல்லையா: அது அழகாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன்.

கேனைத் தாழம்புதருக்குள் தள்ளினோம். ஸ்கூட்டரைத் துடைத்துத் துடைத்து என் துப்பட்டா ஒன்று போனது. ராத்திரி அப்பா கேட்டபோது, "மாமா ஆளனுப்பி எடுத்தாச்சு" என்றேன். அவர் சாவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள், திங்கட்கிழமை காலையில், கடற்கரை முழுவதும் கறுப்புக் கட்டி.

பாக்கு அளவில், எலுமிச்சை அளவில், சிலது குரும்பை அளவில். அலை வந்து போகும் கோட்டில் மைல் கணக்கில் கிடந்ததாம். இஞ்ஞாசி அண்ணன் அன்றைக்குக் கரமடி வளைத்திருந்தார். கடலில் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் கரையில் நின்று பத்திருபது பேர் இழுக்கிற பெரிய வலை அது. வந்தது மீன் பாதி, கட்டி பாதி. கட்டி வெயிலில் இளகி, கண்ணிக்குக் கண்ணி அப்பிக்கொண்டது.

அன்று சாயங்காலம் இஞ்ஞாசி அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. நான் உள்ளே அப்பாவுக்குச் சாயா ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"சுயம்பு, இத மோந்து பாரும்."

அப்பா ஒரு கட்டியை எடுத்து ஸ்குரூ டிரைவரால் குத்தி, மோந்தார். "இது கப்பல் ஓயிலு இஞ்ஞாசி. கப்பலுக்கு ஊத்துகது நம்ம டீசல் மாதிரி இல்ல. தாரு மாதிரி இருக்கும், சூடாக்கினாத்தான் ஓடும். நான் பதினோரு வருசம் அதுலதான் குளிச்சேன்."

"இந்தக் கரையில எஞ்சின் பிரிக்கது நீரு ஒருத்தருதான்."

"எனக்க கடை ஓயிலு தண்ணியா இருக்கும் வே. இது கட்டி."

"கடலுக்க உள்ள ஒரு வாரம் கெடந்தா எந்தத் தண்ணியும் கட்டியாவும். கடலு எதையும் மாத்திப் போடும். நீரு வெள்ளக் கட்டையப் போடும், கறுத்து வரும். கறுத்ததப் போடும், வெளுத்து வரும்."

அப்பா கட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, "எங்க கடையிலேருந்து ஒரு சொட்டு தண்ணிக்குப் போவல்ல. ஐயாவாணை" என்றார்.

இஞ்ஞாசி அண்ணன் அவரையே பார்த்தார். அவர் மாதா கோயில்காரர். ஆனாலும் எங்கள் சாமியான ஐயாவின் பெயரில் அப்பா விளையாட்டுக்குச் சொல்ல மாட்டார் என்பது கடற்கரைக்கே தெரியும்.

"இங்க வச்சி வேண்டாம். வார ஞாயித்துக்கெழமக்கி அடுத்த ஞாயிறு... இல்ல, வார ஞாயிறே ஆவட்டு. உச்சிக்கு உங்க தாங்கலுக்கு நானும் வாறேன், ஊர்க் கமிட்டியில ரெண்டு பேரும் வருவாவ. அங்க கண்ணாடி முன்னால சொல்லும். பொறவு உம்மள ஒருத்தனும் கேக்க மாட்டான். நானே கேக்க விடமாட்டேன்."

"வாரும்" என்றார் அப்பா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

ஐயாவைக் கும்பிடும் எங்கள் தாங்கலின் உள்ளறையில் சிலை கிடையாது. ஒரு பெரிய கண்ணாடி, இரண்டு பக்கமும் விளக்கு. போய் நின்றால் நம் முகம்தான் தெரியும். அங்கே அப்பா தலைப்பாகை கட்டி, நாமம் இட்டு, தன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லப் போகிறார். பொய் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. இஞ்ஞாசி அண்ணன் சொன்னது மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கடல் எதையும் மாற்றிப்போடுமா? என் எண்ணெய் எட்டு நாளில் இந்தக் கட்டியாக ஆகியிருக்குமா? ஆகாது என்றால் அப்பா தப்பினார். ஆகும் என்றால் நான் வாயைத் திறக்க வேண்டும். பயத்தில் ஆரம்பித்ததுதான். ஆனால் பாதியில் எனக்கு அந்த எண்ணெயின் மேலேயே ஓர் ஆசை வந்துவிட்டது, அடுத்து என்ன செய்யும், அடுத்து என்ன செய்யும் என்று.

ராத்திரி போர்வைக்குள் போனில் படித்தேன். கடலில் விழுந்த எண்ணெய் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இருப்பதே இல்லை. முதலில் ஓடிப் பரவும். அதை நானே பார்த்தாயிற்று. பிறகு அதில் லேசாக இருப்பதெல்லாம் காற்றோடு போய்விடும். மிச்சத்தை அலை போட்டுக் கடையும். கடையக் கடைய அது தண்ணீரைக் குடித்து வீங்கி நிறம் மாறும். வெயில் அதற்கு மேல்தோல் கட்டிவிடும். எண்ணெய் தின்னும் கிருமிகள்கூடக் கடலில் இருக்கின்றனவாம். முடிந்ததைத் தின்றுவிட்டு முடியாததை விட்டுவிடும். யாருக்கும் வேண்டாத அந்த மிச்சம் உருண்டு திரண்டு மாசக்கணக்கில் மிதந்து, ஏதோ ஒரு கரையில் கட்டியாக ஏறும்.

படித்தால் போதுமா? என் எண்ணெய் என்ன செய்யும் என்று அதில் போடவில்லையே.

செவ்வாய்க்கிழமை மொட்டைமாடியில் மூன்று சாஸரில் பெட்ரோல், டீசல், கரி ஓயில் ஊற்றி வைத்தேன். இரண்டு ஊறுகாய் பாட்டிலில் கடல்தண்ணீரும் கரி ஓயிலும். ஒன்று மாடியில் அசையாமல், வெயிலில். இன்னொன்றை ஸ்கூல் பைக்குள் வைத்துக்கொண்டேன். எங்கள் மினிபஸ் போகிற குண்டும் குழியுமான ரோட்டில் பைக்குள் கடலே இருக்கும்.

அம்மா துணி காயப்போட வந்துவிட்டாள்.

"ஏட்டி, எனக்க சாஸரக் காணோம் காணோம்னு தேடினா இங்கயா கெடக்கு? இதென்ன, காக்காவுக்கு டீசல் குடுக்கியா?"

"கெமிஸ்ட்ரி புராஜெக்ட் அம்மா."

"உனக்க மிஸ்ஸு வீட்டுல சாஸரு கெடையாதா?"

பெட்ரோல், அம்மா கீழே இறங்கும் முன்னாலேயே போய்விட்டது. டீசல் மூன்று நாளில் கொஞ்சம் இறங்கி, ஓரம் பிசுபிசுத்தது. கரி ஓயில் மட்டும் அப்படியே. ஸ்கூல் லேபில் நிறுத்துப் பார்த்தேன். முதல் நாள் என்ன எடையோ அதே எடை. ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அப்பா, கரி ஓயிலு ஏன் காய மாட்டேங்கு?"

"அது எஞ்சினுக்குள்ள கெடந்து வெந்து வந்தது மக்கா. பறக்க வேண்டியது எல்லாம் அங்கயே பறந்தாச்சி. இனி எங்க காய?" மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சிரித்தார். "என்ன, மெக்கானிக் ஆவப் போறியா?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காயாத எண்ணெய் எப்படிக் கட்டியாகும்?

அந்தச் சந்தோஷத்தை மறுநாள் ஷிஜி கெடுத்தாள். வகுப்பில் என் பையிலிருந்து பேனா எடுக்கப் போனவள் பாட்டிலை எடுத்தாள்.

"ஏட்டி, எனக்கு இல்லாத சாயாவா?"

மூடியைத் திருகப் போனாள். பிடுங்கினேன். உண்மையிலேயே சாயாதான்: கறுப்பு போய், பால் கூடின சாயா நிறம். கெட்டியாகப் பாட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறினால் ஓயில் பால்சாயா மாதிரி ஆகும் என்று அப்பா கடையில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மினிபஸ் மூன்று நாளில் இதைச் செய்தது. என் பையில் இருப்பது கடல் இல்லை, ஒரு பாட்டில். உண்மையான கடல் எட்டு நாளில் என்னதான் செய்யாது? இஞ்ஞாசி அண்ணன் சொன்னதுதான் சரியோ? அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

சனிக்கிழமை லீவு. மிச்சம் இருந்தது ஒரே நாள். அப்பாவின் மேஜையில் இஞ்ஞாசி அண்ணன் விட்டுப்போன பை அப்படியே இருந்தது. அதில் பெரிய கட்டியை எடுத்துக்கொண்டு ஷிஜியின் அத்தை வீட்டுக்குப் போனேன். கொல்லையில் வைத்துக் கத்தியால் அறுத்தோம். மேல்தோல் காய்ந்த பலாச்சக்கைப் பசை மாதிரி. உள்ளே கருப்பட்டிப் பாகு மாதிரி இளக்கம். புதிதாய் ரோடு போட்ட வாசம். அதில் மணல், ஒரு பறவைத் தூவல், பச்சைக் கயிற்று நூல். ஒரு பக்கம் வெள்ளையாய் என்னவோ பத்துப் பதினைந்து ஒட்டியிருந்தது. நான் சிப்பித்துண்டு என்று நினைத்துச் சுரண்டப் போனேன்.

"சுரண்டாத!" ஷிஜி கையைப் பிடித்தாள். கட்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகம் அளவு. வெள்ளை ஓடு, கீழே ரப்பர் மாதிரி ஒரு தண்டு.

"இது ஒட்டினது இல்லட்டி. வளந்தது. தண்ணியில ஒழுகி வருக தடியில இது கொத்துக் கொத்தா இருக்கும். எங்க அப்பன் வலையில தடி மாட்டினா நான்தான் இத ஆய்ஞ்சி ஆய்ஞ்சி வெளையாடுவேன்."

"எத்தன நாளுல வளரும்?"

அவள் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டாள். அவர் வள்ளத்தைக் கரையேற்றி அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கட்டியைக் காட்டினாள்.

"அப்பா, இந்தப் பருவம் ஆவ எத்தன நாளு?"

"எட்டு நாளுல புள்ளிதான் பிள்ளே தெரியும். இவ்வளவு ஆவணும்னா மூணு வாரம், ஒரு மாசம். நீ என்னத்துக்கு படிக்காம கட்டிய வச்சிட்டு இருக்க?"

ஷிஜி போனை அணைத்தாள். நாங்கள் இருவரும் கொல்லையில் குதித்தோம். ஒரு மாசம்! நான் கேனைச் சரிக்கும் முன்னாலேயே இந்தக் கட்டி எங்கோ நடுக்கடலில் மிதந்துகொண்டிருந்திருக்கிறது. எந்தக் கப்பலோ, எந்தத் தேசமோ. என் எண்ணெய் இல்லை.

கட்டியை டிபன் டப்பாவில் வைத்து, இஞ்ஞாசி அண்ணனிடம் காட்டப் புறப்பட்டோம். நடந்துதான். வழி அதே சப்பாத்து.

கீழே காயலில் நேசபாய் சித்தி இடுப்பளவு தண்ணீரில் நின்று மட்டிச் சிப்பி எடுத்துக்கொண்டிருந்தாள். காலால் சேற்றைத் துழாவி, குனிந்து கையால் அள்ளி, இடுப்புக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்ட சருவத்தில் போடுவாள். தினமும் காலையும் சாயங்காலமும் அதுதான் அவள் வேலை. விடிந்தால் சந்தை.

"ரெண்டு பேரும் டப்பாவும் கையுமா எங்க? எனக்குச் சோறு கொண்டு வாறியளா?"

"இஞ்ஞாசி அண்ணனப் பாக்க சித்தி" என்றாள் ஷிஜி.

"அதுக்கு ஏன் இந்தச் சுத்து? பொழி வழியா மணல்மேலயே நடந்து போலாமே. அடைஞ்சில்லா கெடக்கு."

என் கால் நின்றுவிட்டது.

"எப்ப அடைஞ்சது சித்தி? ஜேசிபி வச்சு வெட்டினாவளே."

"வெட்டி ரெண்டு நாளு நின்னுதா? கள்ளக்கடல் வந்துதே, அந்தச் சனிக்கெழம ராத்திரி. ஒரே அடியில மணலத் தள்ளி மூடிட்டு. மறுநாளு ஆராதனைக்கு அந்த மணல்மேல நடந்துதான் போனேன். செருப்பு நனையல்ல பாத்துக்க."

கள்ளக்கடல் என்றால் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. கடல் மட்டும் திருடன் மாதிரி சத்தமில்லாமல் எழுந்து கரையேறும். இரண்டு மைல் உள்ளே இருக்கும் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அன்று ஷிஜி தேங்காய்ப்பட்டணத்தில் இருந்தாள். சனிக்கிழமை ராத்திரி அடைந்த பொழியை நம்பி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் கேனைச் சரித்திருக்கிறேன்.

ஷிஜி என் காதில் சொன்னாள்: "ஏட்டி, இது அதவிட நல்லது. உனக்க ஓயிலு கடலுக்கே போவல்ல! கட்டிக்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

ஆமாம். கடலுக்குப் போகவில்லை. அப்படியென்றால் எங்கே இருக்கிறது?

நேசபாய் சித்தி சருவத்தைக் கரைக்கு இழுத்து வந்தாள். "ரெண்டு பேருக்கும் மட்டி தரட்டா? சும்மா கொண்டு போங்க. எனக்கு விக்க முடியல்ல."

"ஏன் சித்தி?"

"மண்ணெண்ண நாறுகாம். பத்து நாளா சந்தையில வாங்கினவ எல்லாம் திருப்பிக் கொண்டு வாறா. 'நேசபாய், நீ மட்டிய அடுப்பெண்ணயிலயா கழுவுக'ன்னு கேக்கா ஒருத்தி." சருவத்தைக் கவிழ்த்து அடியைக் காட்டினாள்; தேய்த்துத் தேய்த்து வெள்ளி மாதிரி இருந்தது. "பழைய சருவம் முன்னால ஒரு தடவ மண்ணெண்ண வாங்கினதாக்கும், அதனாலன்னு நெனச்சி அதத் தூரக் கெளஞ்சேன். இது புதுசு. இதயும் புளி போட்டுத் தேச்சாச்சி, மணல் போட்டுத் தேச்சாச்சி. எனக்க கையிலதான் நாத்தமோ என்னவோ. கொச்சுப் பிள்ளைக்கி ரெண்டு நாளா வயிறும் சரியில்ல."

தன் உள்ளங்கையை மோந்து பார்த்தாள். எங்கள் முன்னாலேயே.

அவள் போன பிறகு நான் ஒரு குச்சியை ஓரச் சேற்றில் குத்தி இழுத்தேன். குழியிலிருந்து ஒரு குமிழி வந்தது. அது உடைந்த இடத்தில் நீலம், ஊதா, மஞ்சள். இன்னொரு இடத்தில் குத்தினேன். அங்கேயும்.

அப்போதுதான் விளங்கியது. கடலில் போன எண்ணெய்க்குக் காற்று உண்டு, அலை உண்டு, வெயில் உண்டு. ஒரு மாசத்தில் அது வேறொன்றாக மாறி, யார் கண்ணுக்கும் தெரிகிற கட்டியாக வந்து நின்றது. இங்கே அலை இல்லை. போகிற தண்ணீர் இல்லை. காய்வதற்கும் அதில் ஒன்றும் இல்லை, அப்பாவே சொன்னார். மேலே மிதந்தது சேற்றோடு சேர்ந்து கீழே இறங்கி, வெயில் படாத இடத்தில் நான் ஊற்றினபடியே உட்கார்ந்திருக்கிறது. மாடியில் அசையாமல், நிறம் மாறாமல் கிடந்த பாட்டில் அதைத்தான் ஐந்து நாளாக எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பையில் இருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்த நான் அதைப் பார்க்கவில்லை.

"திங்கக்கெழம பொழி வெட்டுகாவளாம்" என்றாள் ஷிஜி. "எல்லாம் கடலுக்குப் போயிரும். நீ பேசாம இரு அபி. யாருக்கும் தெரியாது."

"தண்ணி போவும். சேறு போவுமா?"

இஞ்ஞாசி அண்ணன் வீட்டுக்கு நாங்கள் போகவில்லை.

ராத்திரி பத்தரைக்கு அப்பா முன்னறையில் தலைப்பாகைத் துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் டப்பாவையும் இரண்டு பாட்டிலையும் அவர் பக்கத்தில் வைத்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் முதலில் கட்டியைக் காட்டி, வெள்ளை ஓட்டைக் காட்டி, ஒரு மாசக் கணக்கைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"கொள்ளாமே! இத நாளைக்கு இஞ்ஞாசிக்க கையில குடுப்போம். பொறவு சத்தியம் எதுக்கு?" பிறகு என்னைப் பார்த்தார். "நீ ஏன் அழுக?"

சொன்னேன். சாவி, கேன், சப்பாத்து, பொழி, நேசபாய் சித்தியின் கை. அம்மா வாசலில் வந்து நின்றாள். இஸ்திரிப் பெட்டி துணிமேலேயே இருந்தது. கருகின வாசம் வந்த பிறகுதான் அப்பா எடுத்தார். வெள்ளைத் துணியில் ஒரு தவிட்டு நிற முக்கோணம்.

"எத்தன லிட்டரு?"

"பதினஞ்சு."

"சப்பாத்துக்கு மேக்கயா, கெழக்கயா?"

"ரெண்டு பக்கமும்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மாடிப் பாட்டிலை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பழுது என்னவென்று தெரியாத எஞ்சினைப் பார்ப்பது மாதிரி.

"கட்டி நம்மளது இல்ல அப்பா" என்றேன். "நாளைக்கு அத நீங்க தைரியமாச் சொல்லலாம். அது சத்தியம்தான்."

"நான் கட்டின்னா சொன்னேன்? ஒரு சொட்டுன்னுல்லா சொன்னேன்." பாட்டிலை மெதுவாக வைத்தார். "அந்தக் கண்ணாடியில எனக்க மூஞ்சிய நான் பாக்கணும் பிள்ளே."

அம்மா என்னைத் திட்ட வாயெடுத்தாள். அப்பா கையைக் காட்டினார்.

"நேசபாய் எத்தன மணிக்கு தண்ணியில எறங்குவா?"

"ஆறு மணிக்கு."

"அஞ்சரைக்கு அவளுக்க வீட்டு வாசல்ல நிப்போம். எறங்குகதுக்கு முன்ன சொல்லணும். நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன். பொறவு இஞ்ஞாசி. பொழிய இப்ப வெட்டாண்டாம்னு கமிட்டியில சொல்லணும். மேல நிக்கதச் சாக்கு போட்டு ஒத்தி எடுக்கலாம். சேறுதான்..." அந்த இடத்தில் நிறுத்தினார். "சேத்துக்கு எனக்கும் ஒண்ணும் தெரியாது. நீ போன்ல பாரு."

பார்த்தேன். இவ்வளவு நேரமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சேற்றுக்குள் போன எண்ணெய் வருஷக்கணக்கில் கிடக்கும் என்று ஒரு இடத்தில் போட்டிருக்கிறது. சேற்றைக் கிளறிக் காற்றுப்படவிட்டால் கிருமிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் என்று இன்னொரு இடத்தில். எத்தனை மாசம் என்று எங்கேயும் இல்லை. அதுவரை நேசபாய் சித்தி எதை எடுத்துச் சந்தைக்குப் போவாள் என்றும் இல்லை.

அவள் என்ன சொல்வாள்? திட்டினால் நின்று வாங்கிக்கொள்ளலாம். திட்டாமல் மறுபடியும் அந்தக் கையை மோந்து பார்த்தால் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை. எப்படித் தொடங்க வேண்டும் என்று மட்டும் முடிவு பண்ணிவிட்டேன்: "சித்தி, நாத்தம் உங்க கையில இல்ல."

அலாரம் ஐந்துக்கு வைத்தாயிற்று. கொல்லையில் அப்பா சாக்குகளை உதறி அடுக்கும் சத்தம் இன்னும் கேட்கிறது. படுக்கப் போகும் முன் அவர் சாவி மாட்டும் ஆணியைத் திரும்பிப் பார்ப்பார் என்று தெரியும். ஸ்கூட்டர் சாவியை இப்போதே எடுத்து மேஜைமேல், அந்தக் கட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.